காதை எப்போ அடைக்கணும்?

காதிரைச்சல் உள்ளவங்க எந்நேரமும் காதை அடைச்சு வச்சிக்கிறதுதான் நல்லதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது பாதிதான் சரி. 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம்ங்கிறது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா வெறும் 15 நிமிஷம். கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் பக்கத்துல உட்கார்ந்தா, பாயசம் வர்றதுக்குள்ள கணக்கு தீர்ந்துடும். உள்காதுல ஒலியை உணர்ற மயிர்ச்செல் சத்தத்தால செத்தா மறுபடி முளைக்காது. அந்த மாதிரி இடத்துல நுரை அடைப்பான் கட்டாயம் வேணும். (பஞ்சு மனத் திருப்திக்கு மட்டும்.)

ஆனா அமைதியான வீட்டுக்குள்ளயும் அடைச்சா? வெளிச்சத்தம் குறைஞ்சா மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்குதுன்னு ஆய்வுகள் சொல்லுது. காதிரைச்சல் இன்னும் பெரிசாக் கேட்கும். நாளடைவுல தட்டு விழுற சத்தம்கூடத் தாங்காமப் போகலாம். "கூடுதலா அடைச்சா என்ன நஷ்டம்?"னு கேட்கிறவங்களுக்கு, நஷ்டம் அதுதான். மின்விசிறிச் சத்தம் இரைச்சல் உள்ள காதுக்குத் துணை, பகையில்ல. ஆனா கல்யாண மேளம் அப்படியில்ல. அதுக்கு முன்னாடி காதை அடைச்சா மரியாதை இல்லைன்னு சொல்றவங்க, மேளம் அடிக்கிறவர் காதைப் பத்தி யோசிச்சதுண்டா?