பெயரிடும் உரிமை

ஒரு பொருளுக்குப் பெயரிடும் உரிமை எவரிடம் உள்ளதோ, அவரே அப்பொருளுக்கு வாயிற்காவலர் ஆகிவிடுகிறார். நூல்நிலையமும் இதற்கு விலக்கன்று.

ஜொகூரிலுள்ள ஒரு தோட்டத்தில் நாம் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஆட்களை எண்ணிட்டுப் பதிவது நமது தொழில். ஆங்கில வழியிற் பயின்றமையால், எதற்கும் பட்டியலும் ஒழுங்கும் வேண்டுமென்னும் பிடிவாதமும் நமக்குண்டு. வாரம் ஒரு நாள், வேலை முடிந்தபின், அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் நூல்நிலையத்திற்குச் சென்று உதவி வருகிறோம்.

அங்குள்ள நூல்கள், மெல்வில் டூயி என்பார் 1876-ம் ஆண்டில் வெளியிட்ட தசமப் பகுப்பின்படி அடுக்கப்பட்டவை. அதில் ஆங்கில இலக்கியத்திற்கு 820 என்னும் அகன்ற கூடம். தமிழ் இலக்கியத்திற்கோ 894.811 என்று புள்ளிக்கு அப்பால் ஒரு மூலை. எனினும், முறையென ஒன்றில்லாவிடில் நூலைத் தேடியெடுப்பது அரிது.

நிற்க. அப்பள்ளி ஆசிரியை ஒருவர் புதியதோர் ஏற்பாடு செய்தார். மாணவர் தாம் படித்த நூல்களையும், இணையத்திற் கண்ட நற்கட்டுரைகளையும் ஒரு பொதுப் பக்கத்தில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தாமே குறிச்சொல் இடவேண்டும். ஒரு சொல்லைத் தொட்டால், அச்சொல் பெற்றவை யாவும் வரிசையாய் வந்து நிற்கும். 2003-ம் ஆண்டில் தோன்றிய 'டெலிசியஸ்' என்னும் இணையதளம் இவ்வழக்கத்தைப் பரப்பியது. 2005-ல் வந்த 'லைப்ரரிதிங்' அதனை நூல்களுக்கும் உரியதாக்கியது.

சொற்களைச் சீர்செய்யும் பணி நம்மிடம் வந்தது. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலுக்கு, ஆறாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி 'வீடு திரும்பாதவர்கள்' என்று குறித்திருந்தாள். இது பொருட்பெயர் அன்றெனக் கருதி, அதனை நீக்கி, 'தமிழ் நாவல்' என்று எழுதினோம்.

மறுவாரம் அவள் வந்து, "கிராணி ஐயா, என் சொல்லைக் காணோமே, அதில் இன்னும் இரண்டு வைத்திருந்தேனே!" என்றாள்.

ஆராய்ந்தோம். ஒன்று, 1942, 1943-ம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு அமைத்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையைப் பற்றிய வரலாறு. அது 940 என்னும் பகுதியில், வேறோர் அலமாரியில் இருந்தது. மற்றொன்று, மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்ட தமிழரைப் பற்றிய இணையக் கட்டுரை. அதற்கு அலமாரியே கிடையாது. எண்கள் பிரித்து வைத்த மூன்றையும் அவள் ஒரு சொல்லால் கூட்டியிருந்தாள். அந்த வழியைத்தான் நாம் அடைத்துவிட்டோம்.

நம் பாட்டியாரின் தந்தையாரும் அப்பாதைக்குப் போனவரே. அவரைப்பற்றிக் கேட்கும்போதெல்லாம், "திரும்பி வரவில்லை" என்பதே பாட்டியாரின் விடை. அதே சொல்லை ஒரு குழந்தையின் எழுத்திற் கண்டும் நாம் உணராதது வெட்கத்திற்குரியது.

குறிச்சொல்லிற் குறைகளும் உண்டு. ஒருவன் 'சயாம்' என்பான். மற்றொருவன் 'தாய்லாந்து' என்பான். 'ரயில்', 'இரயில்', 'தொடர்வண்டி' மூன்றையும் இயந்திரம் வெவ்வேறெனவே கொள்ளும். ஆதலின், மாதந்தோறும் மாணவர் கூடி ஒத்த சொற்களை இணைக்கின்றனர், எதையும் அழிப்பதில்லை. மேலும், டெலிசியஸை 2017-ல் வாங்கிய வேறொரு நிலையம், புதிய குறிகளை அதில் ஏற்பதை நிறுத்திவிட்டது. இணையதளம் நிலையானதன்று என்பதனால், எல்லாவற்றையும் குறிப்பேட்டிலும் எழுதி வைக்கிறோம்.

சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்திற்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிட்டவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நூல் எங்கே உள்ளதென்பதை எண் சொல்லும். அது ஏன் வேண்டப்படுகிறதென்பதைக் குழந்தையின் சொல்லே சொல்லும். இரண்டும் வேண்டும்.

தோட்டத்துப் பெற்றோரும் நகரத்து அன்பர்களும் இதனைத் தத்தம் பள்ளிகளிற் செய்து பார்க்கலாம். இணைய வசதி இல்லையெனில், நூலின் பின்னட்டையில் ஒரு தாளை ஒட்டி, குழந்தைகளின் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தாற் போதும்.

அச்சிறுமியின் சொல்லை மீண்டும் சேர்த்துவிட்டோம். அதன்கீழ் இப்போது நான்கு உள்ளன. நான்காவது, பாட்டியார் சொல்லக் கேட்டு நாம் எழுதிய ஒரு பக்கம்.