குளவி கொட்டக் கொட்ட

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு குளவிக்கூடு இருக்கும். ஒட்டடை அடிக்கும்போது குச்சி அந்தப் பக்கம் போனால் அம்மாச்சி விடமாட்டாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்டி. கூடு கட்டுன வீட்ல புள்ள பொறக்கும்." கூட்டு மண்ணின் நிறத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்வாள்.

நம் வீடுகளில் கட்டும் மண்குளவிகளில் ஒன்றுக்கு ஸ்கெலிஃப்ரான் மெட்ராஸ்பட்டானம் என்று பெயர். 1781இல் ஃபேப்ரிசியஸ் அதை விவரித்தபோது மெட்ராஸின் பெயரையே வைத்துவிட்டார். கூடு கட்டுவது, வேட்டைக்குப் போவது, கொட்டுவது எல்லாமே பெண்குளவிதான். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. ஈரமண்ணை உருண்டையாக எடுத்துவந்து, உடம்பை அதிரவைத்து அப்பும். நமக்குக் கேட்கும் அந்த 'ங்ங்ங்' இதனால்தான். அதிர்வில் மண் இளகி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு சிலந்திகளைக் கொட்டித் தூக்கிவந்து அறைக்குள் அடுக்கும். ஒரு சிலந்தி மேல் முட்டை வைக்கும். வாயை அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும். சின்னப் பானை போலக் கூடு கட்டும் இன்னொரு வகை, சிலந்திக்குப் பதில் பச்சைப்புழுக்களைக் கொண்டுவரும். அது முதலில் முட்டையைக் கூரையிலிருந்து ஒரு நூலில் தொங்கவிட்டுவிட்டுத்தான் புழு தேடவே கிளம்பும்.

உள்ளே போனது புழு. சில வாரம் கழித்துக் கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவது குளவி. இதை வெளியிலிருந்து மட்டும் பார்த்த ஒருவர் என்ன நினைத்திருப்பார்? குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிறது என்றுதான். வேதாந்தத்தில் இதற்குப் பிரமர கீட நியாயம் என்று பெயர். புழு குளவியையே நினைத்து நினைத்து, அதன் ரீங்காரத்தைக் கேட்டுக் கேட்டு, அதுவாகவே ஆகிவிடுகிறதாம். குருவும் சீடனும் அப்படித்தானாம். சீனர்களும் இதையே பார்த்து வேறொன்று சொன்னார்கள். குளவிக்குப் பிள்ளை இல்லை, புழுவைத் தத்தெடுத்து 'என்னைப் போல ஆகு, என்னைப் போல ஆகு' என்று சொல்லி வளர்க்கிறது என்று. அங்கே தத்துப்பிள்ளைக்கு அந்தப் புழுவின் பெயரே வந்துவிட்டது. ஆனால் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே தாவோ ஹோங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர், குளவி முட்டையிடுகிறது, புழு அதன் குஞ்சுக்குச் சாப்பாடு என்று எழுதிவைத்துவிட்டார். அழகான உவமைகளை இப்படிக் கெடுக்கிற ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

காரணம் உண்டு. இந்த உவமையை நான் கேட்டது கோயிலில் அல்ல, பிளஸ் டூ படித்த உறைவிடப் பள்ளியில். காலை நாலரைக்கு எழுப்புவார்கள். ராத்திரி பதினொன்றுக்கு விளக்கணைப்பார்கள். இடையில் தேர்வு, தேர்வுக்கு நடுவில் பிரம்பு. ஒரு ஆசிரியர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்வார்: "குளவி கொட்டக் கொட்டத்தாம்மா புழு குளவியாகும்." அப்பாக்கள் வந்தால் அவர்களிடமும் இதையே சொல்வார். அவர்களும் தலையாட்டுவார்கள். எங்கப்பாவும் ஆட்டினார்.

கொட்டுவது எதற்கு என்ற கேள்விக்கு பிரான்ஸில் ஃபாப்ர் 1855இலேயே பதில் எழுதியிருக்கிறார். அவருக்கு முன் லெயோன் துஃபூர், குளவி தன் இரையைக் கொன்று, கெடாமலிருக்க ஏதோ மருந்து ஏற்றுகிறது என்று நினைத்தார். ஃபாப்ர் கூட்டிலிருந்த வண்டுகளை எடுத்து வைத்துச் சோதித்தார். அவை சாகவில்லை, அசைய முடியவில்லை, அவ்வளவுதான். செத்தால் அழுகிவிடும். உயிரோடு இருந்தால் குஞ்சு தின்று முடிக்கும்வரை கறி கெடாது.

இதிலும் கைதேர்ந்தது ஒன்று இருக்கிறது. ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா. மரகதப் பச்சை, தொடை மட்டும் சிவப்பு. நம் ஊரிலும் உண்டு. வேட்டை, நம் வீட்டுக் கரப்பான்பூச்சி. முதல் கொட்டு நெஞ்சில். முன்னங்கால்கள் சில நிமிடம் செயலிழக்கும். அந்த நேரத்துக்குள் இரண்டாவது கொட்டு, கழுத்து வழியாக நேரே மூளைக்குள். கொடுக்கின் நுனியிலேயே உணர்வு உறுப்புகள் உண்டு, மூளையைத் தடவிக் கண்டுபிடிக்கும். அதற்குப் பிறகு கரப்பான் ஓடாது. அரை மணி நேரம் தன்னைத்தானே துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். அதற்குள் குளவி ஒரு பொந்து பார்த்துவிட்டு வந்து, கரப்பானின் மீசையைப் பாதி நறுக்கி, வழிவதைக் கொஞ்சம் குடித்துவிட்டு, மிச்ச மீசையைப் பிடித்து இழுக்கும். கயிறு கட்டிய மாடு மாதிரி அதுவும் பின்னாலேயே நடந்துபோகும். கால்களில் ஒரு கோளாறும் இல்லை. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் லிபர்சாட்டின் குழு இதைப் பல வருடம் ஆராய்ந்தது. அவர்கள் கண்டது, நஞ்சு எடுத்துக்கொள்வது நடக்கும் சக்தியை அல்ல, தானாக நடக்கத் தொடங்கும் எண்ணத்தை.

இதைப் படித்தபோது விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் ஞாபகம் வந்தாள். முதல் டேர்மில் வார்டனையே மிமிக்ரி செய்தவள். இரண்டாம் டேர்மில் மணியடித்தால் எழுவாள், போ என்றால் போவாள். சாப்பிடு என்று சொல்லாவிட்டால் தட்டுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருப்பாள். நல்ல மார்க்தான் வாங்கினாள். அவள் படத்தை பிளெக்ஸில் போட்டார்கள்.

கரப்பானை முட்டை வைக்காமல் விட்டால் ஒரு வார அளவில் அது தெளிந்துவிடும் என்கிறார்கள். அவளுக்கு அதைவிட நிறைய வருடங்கள் ஆயின.

2018இல் அமெரிக்காவில் கென்னத் கட்டானியா என்பவர் இந்தச் சண்டையை வேகம் குறைத்த வீடியோவில் பிடித்தார். வளர்ந்த கரப்பான்களில் சில, குளவி நெருங்கியதும் கால்களை ஊன்றி உடம்பை உயர்த்தி, முள் வைத்த காலால் அதன் தலையில் ஒரு உதை விடுகின்றன. குளவி தெறித்துப் போய் விழுகிறது. அப்படி விடாமல் உதைத்தவற்றில் பெரும்பாலானவை தப்பிவிட்டன. இளம் கரப்பான்களால்தான் அநேகமாக முடியவில்லை.

அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்து ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு, "முன்னங்காலா, பின்னங்காலாடி?" என்று கேட்டிருந்தாள்.

"பின்னங்கால்" என்றேன்.