ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும்

பேரன் லைசென்ஸ் வாங்கிவிட்டான். பைக்கில் எட்டுப் போட்டுக் காட்டினானாம். காரில் ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நேரே போ, நிறுத்து, பின்னால் எடு என்றாராம். அவ்வளவுதான், முடிந்தது. "வழியில ஒருத்தர் அடிபட்டுக் கிடந்தா என்ன செய்யணும்னு கேட்டாங்களாடா?" என்றேன். "அதெல்லாம் கேக்கல தாத்தா. 108க்கு போன் பண்ணிட்டா போச்சு" என்றான். பதிலில் தப்பில்லை. ஆனால் போன் செய்த பிறகு ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் வரை ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கிறதே, அந்த நேரத்தில் நீ என்ன செய்வாய் என்பதுதான் என் கேள்வி. அவன் அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவனிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் மாநிலத்தில் கண்டக்டர் லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலுதவிச் சான்றிதழ் காட்ட வேண்டும். டிக்கெட் கிழிக்கிறவனுக்கு அது கட்டாயம்; சொந்தக் காரில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறவனை யாரும் கேட்பதில்லை. இதை யார் யோசித்து வைத்தார்களோ தெரியாது, அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் வகுப்பில் முக்கோணத் துணியை வைத்துத் தலைக்கட்டு, கைத்தூளி எல்லாம் கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். என்னோடு வந்த நண்பனுக்குக் கால் முறிவு என்று வைத்துக்கொண்டு இரண்டு மரச்சட்டங்களை வைத்து நான் கட்டிய கட்டால், டீ நேரத்துக்கு அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. வகுப்பே சிரித்தது. சொல்லிக்கொடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "கட்டறது கடைசியில வர்ற வேலை. மொதல்ல, கை பரபரக்கறத நிறுத்தக் கத்துக்கோ" என்றார். இளவட்டம் ஆயிற்றே, அதைப் பெரிய வார்த்தையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அது எனக்குப் புரிந்தது உளுந்தூர்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, அரசூர் பக்கம். சாலை இன்னும் நாற்கரமாகாத காலம், செல்போன் கிடையாது. விளக்கு வைக்கிற நேரம். ஏதோ வண்டி தட்டிவிட்டுப் போய்விட்டது. ஓர் ஆள் டிவிஎஸ் 50க்குப் பக்கத்தில் கிடந்தார். கெண்டைக்கால் நீளமாகக் கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் அண்ணன் பஸ்ஸை அவரைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தவில்லை. அவருக்குப் பின்னாலேயே, வருகிற வண்டிகளுக்கும் அவருக்கும் நடுவே நிறுத்தினார். விளக்குகளை எரியவிட்டார். இரண்டு பயணிகளைக் கூப்பிட்டு டார்ச் லைட்டும் சிவப்புத் துண்டும் கொடுத்து, நன்றாகத் தள்ளிப்போய் நின்று வண்டிகளை மெதுவாக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அடிபட்டவர் பக்கம் திரும்பினார். எனக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. ஓடிப்போய்த் தூக்காமல் இந்த மனிதர் துண்டு விநியோகம் செய்துகொண்டிருக்கிறாரே என்று. இருட்டில் அடுத்து வரும் லாரி, கிடக்கிறவரோடு சேர்த்துத் தூக்க வந்தவர்களையும் அடித்துவிட்டுப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

பஸ்ஸில் முதலுதவிப் பெட்டி இருந்தது. திறந்தால் பழைய டிக்கெட் அடிக்கட்டைகள், துருப்பிடித்த கத்தரிக்கோல், காய்ந்துபோன டிங்சர் பாட்டில். பெட்டி மேலிருந்த சிவப்புச் சிலுவை மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒரு பயணி அம்மா தன் பையிலிருந்து துவைத்து மடித்த நூல்புடவை ஒன்றை எடுத்து நீட்டினார். அதை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சுற்றிலும் கூட்டம். "எடுத்துப் பாருங்க கண்டக்டரே, நின்னுடுச்சான்னு" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எடுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் உறைய ஆரம்பித்திருக்கும். துணியைத் தூக்கினால் அது பிய்ந்து மறுபடி பீறிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். கை மரத்துப்போனது. அழுத்தியபடி உட்கார்ந்திருந்ததைத் தவிர நான் செய்தது ஒன்றும் இல்லை. அது போதுமானதாக இருந்தது.

ஒருவர் சோடா உடைத்துக்கொண்டு வந்தார். ஒரு பாட்டி காகிதப் பொட்டலத்தில் காப்பித்தூள் கொண்டுவந்தார், காயத்தில் அப்ப. இருவருக்கும் நல்ல மனது. அண்ணன் சோடாவை வாங்கித் தானே குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க, எனக்குத்தான் நாக்கு வறண்டு போச்சு" என்றார். பாட்டியை அடிபட்டவரின் தலைமாட்டில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுக்கச் சொன்னார். எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று பாட்டி கேட்கக் கேட்க அந்த ஆளின் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. யாருடைய மனதையும் நோகடிக்காமல் தப்பான கைகளை விலக்கி வைத்தாரே, அதற்கு எந்த வகுப்பிலும் சான்றிதழ் தருவதில்லை.

அடிபட்டவருக்குக் குடிக்க ஏன் ஒன்றும் தரக் கூடாது என்று இன்றைக்கும் பலர் கேட்கிறார்கள். நினைவு தப்பினால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்; ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பதுதான் நல்லது. காப்பித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எதுவுமே காயத்துக்கு மருந்தல்ல. டாக்டர் அதைக் கழுவி எடுப்பதிலேயே நேரம் போகும். தீக்காயம் என்றால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுவதைவிடச் சிறந்த கைவைத்தியம் இல்லை. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கல்லையும் கட்டையையும் விலக்கிவிட்டு, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்கிற வேலையும் வேண்டாம். கழுத்தெலும்பில் அடி இருந்தால் அந்த ஒரு இழுப்பில் கை கால் விளங்காமல் போகலாம்; மூச்சு அடைபட்டாலொழிய அதைத் தொடக் கூடாது. வண்டி தீப்பிடிக்கிறது, நடுரோடு, வேறு வழியில்லை என்றால் மட்டுமே ஆளை நகர்த்த வேண்டும். ஆட்டோவுக்குள் மடக்கித் திணித்துக் கொண்டுபோவது வேகமாகத் தெரியும். சமயத்தில் அதுதான் பெரிய கேடாக முடியும்.

அரசூர் ஆள் நல்லபடியாகப் பேசினார், கழுத்தில் வலியில்லை, விரல்களை எல்லாம் அசைத்தார். ஆம்புலன்ஸுக்கு வழியில்லாத காலம் என்பதால், டீக்கடைப் பெஞ்சில் கிடத்தி பஸ்ஸின் கடைசி சீட்டில் வைத்து, நேரே விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸை விட்டார் அண்ணன். இரண்டு பேர் கனெக்‌ஷன் பஸ் போய்விட்டதென்று முணுமுணுத்தார்கள். புடவை கொடுத்த அம்மா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சாட்சி என்று என்னை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் கூப்பிட்டார்கள். டெப்போவில் கேலி வேறு. "இனிமே கண்ண மூடிட்டுப் போ" என்று அறிவுரை. அந்தப் பயம் ஊர் முழுக்க இருந்தது, நியாயமாகவே இருந்தது. இப்போது அது தேவையில்லை என்று எந்த டிரைவிங் ஸ்கூலும் பிள்ளைகளுக்கு உரக்கச் சொல்வதாகத் தெரியவில்லை. அடிபட்டவருக்கு உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவப்போய் ஏதாவது ஆகிவிட்டாலும் உதவியவர் மேல் வழக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டவர் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். போலீஸ் கேஸ், அதனால் தொட மாட்டோம் என்று டாக்டர் சொல்லக் கூடாது என்பது 1989இலேயே தீர்ப்பாகிவிட்டது. பணத்துக்கு என்ன செய்வது என்கிற கவலைக்கும், 2021 டிசம்பரில் நம் மாநிலத்தில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது; திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது.

நம் வண்டியே இடித்துவிட்டால்? பிள்ளைகளிடம் இதைப் பேசத்தான் வீட்டில் எல்லோரும் அபசகுனமாக நினைக்கிறார்கள். சட்டத்தின் 134ஆம் பிரிவு சுற்றிவளைக்காமல் சொல்கிறது: ஓட்டியவர் நின்று, அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க ஆவன செய்ய வேண்டும். கூட்டம் அடிக்க வருகிறது, நிற்க முடியவில்லை என்றால் சட்டமே அதைப் புரிந்துகொள்கிறது. அப்போதும் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். பயத்தில் ஓடிவிட்டவனைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது இருக்கட்டும். காப்பாற்றியிருக்கக்கூடிய ஓர் உயிரைச் சாலையில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அதற்குப் பிறகு தூக்கம் வராது. அப்படிப்பட்ட டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணனிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. லாரி பழுதாகி நின்றால் அந்தக் காலத்தில் பின்னால் பெரிய கற்களை அடுக்கி, வேப்பங்கொத்தைச் செருகி வைப்பார்கள். ரிப்பேர் முடிந்ததும் லாரி போய்விடும், கற்கள் அங்கேயே கிடக்கும். ராத்திரி சைக்கிளில் வருகிறவன் அதில் மோதி விழுவான். வழியில் அப்படிக் கல்லைக் கண்டால் அண்ணன் பஸ்ஸை ஓரங்கட்டி, இறங்கி, காலால் உருட்டி ஓரத்தில் தள்ளிவிட்டு வருவார். ஷெட்யூல் தாமதமாகிறது என்று நான் விசிலை ஊதிக்கொண்டே இருப்பேன். காதில் வாங்கவே மாட்டார்.

இப்போது கல் வேண்டாம், காரோடு முக்கோணம் தருகிறார்கள். வண்டி நின்றுவிட்டால் இடது ஓரத்துக்கு முடிந்தவரை ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். நாற்கரச் சாலையில் இன்னும் தள்ளி. டிக்கியை ஒட்டி வைத்தால் அலங்காரத்துக்குத்தான் ஆகும். உள்ளே இருப்பவர்கள் சாலைப் பக்கம் இறங்காமல் இடது பக்கமாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று செல்போன் பேசக் கூடாது.

108 நம் மாநிலத்துக்கு வந்தது 2008 செப்டம்பரில். அரசூரில் அன்றைக்கு அது இருந்திருந்தால் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் அவர்களிடம் இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். நடுவில் தடுப்புள்ள சாலையில் சென்னை போகும் பக்கமா, திருச்சி போகும் பக்கமா என்று சொல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்று, திரும்ப வழி தேடிக் கிலோமீட்டர் கணக்கில் சுற்றும். கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று கேட்பார்கள். அவர்களாக வைக்கும் வரை போனை வைக்காதீர்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்த வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது, பொம்மையின் மேல் அழுத்திப் பழக வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் வகுப்பு நடத்துகின்றன. லைசென்ஸுக்காக அத்தனை நாள் அலைந்த பிள்ளைகள் அதற்கும் போய்வரலாம்.

பிள்ளை கையில் கார் சாவியைக் கொடுக்கிற அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனையோ அவளையோ கூட்டிக்கொண்டுபோய் டிக்கியைத் திறந்து பாருங்கள். முக்கோணத்தை ஒரு தடவை விரித்து நிறுத்தச் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் துணியும் கையுறையும் இருக்கின்றனவா, மருந்துகளின் தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்து, இல்லாததை அன்றைக்கே மெடிக்கலில் வாங்கி வையுங்கள். துவைத்த நூல்துணி ஒன்றையும் அதோடு மடித்து வைத்துவிடுங்கள்.