மீண்டும் வந்த விசுவாவசு

தமிழ் ஆண்டுகள் அறுபது. பிரபவ முதல் அக்ஷய வரையில் அவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நாம் பிறந்தபோது இருந்த ஆண்டே பெயர் மாறாமல் மறுபடியும் வாசலில் நிற்பதைக் காணும் பாக்கியம் மனிதனுக்குப் பெரும்பாலும் ஒரு முறைதான் கிடைக்கிறது. 1965-66-இல், விசுவாவசு ஆண்டில் பிறந்தவர்களுக்கு 2025-26-இல் அது வாய்த்தது. நாமும் அக்கூட்டத்தில் ஒருவரானோம்.

மதகடிப்பட்டு உறவினர்களின் அபிப்பிராயம் வேறாக இருந்தது. ராஜராஜ சோழன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் ஊரிலேயே இருக்க, வெளியூர் எதற்கு என்றார்கள். அர்ச்சனையை இங்கே முடித்துக்கொண்டு, மண்டபம் பிடித்து, செவ்வாய்க்கிழமைச் சந்தையைப் போல ஜனம் சேர்த்து விருந்திட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எம் இல்லாள் அதற்கு இசையவில்லை.

"கூட்டத்துக்குச் சமைத்துப் போட்டே முப்பத்தைந்து வருஷம் போயிற்று. இந்த ஒரு நாளாவது நாம் இருவர் மட்டும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றாள்.

கடல் பார்க்கப் புதுச்சேரி போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். புதுச்சேரிக் கடற்கரையில் தெரிந்தவர் பத்துப் பேருக்கு க்ஷேம சமாசாரம் சொல்லாமல் எவரும் கடலைப் பார்த்ததில்லை! ஆகவே திருக்கடையூரில் ஷஷ்டியப்த பூர்த்தி, தரங்கம்பாடியில் ஓர் இரவு என்று நிச்சயித்தோம். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

திருக்கடையூர், மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் காலனை உதைத்த ஸ்தலம். அட்ட வீரட்டங்களுள் ஒன்று. அபிராமியின் சந்நிதி இருப்பதும் அங்கேதான். அறுபதாம் ஆண்டு தொடங்குகையில் உக்ரரத சாந்தி, அறுபது நிறைந்தால் ஷஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று தமிழ்நாட்டுத் தம்பதிகள் அந்த ஊரைத் தேடி வந்தவண்ணம் இருக்கிறார்கள். நாங்கள் சென்ற தை மாதக் காலையில் பிராகாரம் முழுதும் தம்பதிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஹோமம், ஒரு புகை, ஒரு புகைப்படக்காரர். எங்கள் புகைப்படக்காரர் "சிரியுங்கள் அம்மா" என்று நாலு முறை அதட்டினார். மந்திரத்தைக் காட்டிலும் அவர் குரலே ஓங்கியிருந்தது. பக்கத்து ஜோடியில் எண்பது கண்ட பெரியவருக்குக் கை நடுங்கிற்று. தாலி முடிச்சுப் போட வரவில்லை. அந்த அம்மாள் தம் இடக்கையைப் பின்னே கொண்டுபோய் நூலின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். அதைக் கண்ட பிறகு எம் இல்லாளுக்குச் சிரிப்பு வரவில்லை, எமக்கும் வரவில்லை.

எம் தந்தையார் ஐம்பத்தெட்டாம் வயதில் காலமானவர். அவ்வயதை நாம் எட்டிய நாள் முதல் இல்லாள் தினமும் காலண்டரில் சிறு புள்ளி வைத்து வந்திருக்கிறாள். கலச நீர் தலையில் விழுந்து நாங்கள் ஈரத்தோடு நின்ற வேளையில்தான் அதைச் சொன்னாள். "இனிமேல் வைக்க மாட்டேன்" என்றாள்.

அங்கிருந்து தில்லையாடி சமீபந்தான். கட்டிய மாலையின் மணம் உடையிலிருந்து நீங்கு முன்னே வள்ளியம்மை நினைவிடத்துக்குப் போனோம். தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், 1898 பிப்ரவரி 22-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள் வள்ளியம்மை. 1913-இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான விவாகங்களே செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்தியப் பெண்கள் ஒரே நாளில் சட்டப்படி மனைவியர் அல்லாதவர் ஆயினர். அந்த அவமதிப்பையும், ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் மீது விதித்த மூன்று பவுன் வரியையும் எதிர்த்துக் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் பெண்களும் சிறை புகுந்தனர். வள்ளியம்மை சிறையிலே காய்ச்சல் கண்டு, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தாள். அது அவளுடைய பதினாறாவது பிறந்த நாள். அதே 1914-இல் வந்த நிவாரணச் சட்டம் நம்மவர் விவாகங்களுக்கு அங்கீகாரம் அளித்தது, வரியும் ஒழிந்தது. அவள் அதைக் காணவில்லை. மறு ஆண்டு காந்தியடிகள் தில்லையாடிக்கே வந்து சென்றார்.

மார்க்கண்டேயனுக்கும் பதினாறுதான் வயது. இல்லாள் புதுத் தாலிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தபடி, "நம் கல்யாணம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது?" என்று கேட்டாள். எங்கள் விவாகம் எந்த அலுவலகத்திலும் பதிவாகவில்லை. பதிய வேண்டும் என்று எங்களுக்கு அன்று தோன்றவே இல்லை. மணமாகாத அந்தச் சிறுமி பிறர் தாலிக்காகச் சிறை போயிருக்கிறாள் என்று எண்ணி அங்கேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம்.

தரங்கம்பாடிக்கு மாலையில் சேர்ந்தோம். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் டேனியர் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இவ்வூரில்தான். 1845-இல் டேனியர் இதையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லக்ஷ ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஊரையும் ஜனங்களையும் கிரயப் பத்திரம் எழுதி விற்க அவர்களுக்கு யார் உரிமை தந்தது? 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த மண்ணிலிருந்து வந்த எங்களுக்கு அக்கேள்வி புதிதல்ல.

கரையிலே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் ஆலயம். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது. 2004 டிசம்பரில் பேரலை இவ்வூரில் எத்தனையோ உயிர்களைக் கொண்டு போயிற்று. அன்று மாலை அலை சாதுவாக வந்து எங்கள் காலை நனைத்துப் போயிற்று.

"அடுத்தது எழுபதுக்கு பீமரத சாந்தி. பத்து வருஷம் இருக்கிறது" என்று கணக்குப் பார்த்துச் சொன்னாள் இல்லாள். பிறகு, "சர்க்கரையைக் குறையுங்கள்" என்று, எம் கையில் மிச்சமிருந்த பிரசாத லட்டை வாங்கித் தானே தின்றுவிட்டாள்.