யூ.பி.எஸ். கத்தினால் என்ன அர்த்தம்?

கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. அது 'கீ... கீ...' என்று கத்தும்போதுதான் ஞாபகமே வரும். உடனே எல்லோரும் செய்கிற முதல் வேலை, சத்தத்தை நிறுத்தும் பட்டனைத் தேடுவது!

நிறுத்துவதற்கு முன்னால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை விட்டு விட்டுக் கத்தினால், கரண்ட் இல்லை, பேட்டரியில் ஓடுகிறது. சத்தம் வேகம் பிடித்தால் பேட்டரி தீரப் போகிறது. டேலியை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். நிற்காமல் ஒரே நீளமாகக் கத்தினால் பெரும்பாலும் ஓவர்லோடு, இல்லாவிட்டால் உள்ளே கோளாறு. (கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். கூட வந்த புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் :-))

ஓவர்லோடு என்றால் முதலில் லேசர் பிரிண்டரைக் கழற்றுங்கள். 600 வி.ஏ. பெட்டி தருவது சுமார் 360 வாட்தான். பிரிண்டர் சூடாகும்போது அதைவிட அதிகம் இழுக்கும். லைட் எரிகிறது, ஆனாலும் யூ.பி.எஸ். கத்துகிறதா? லோ வோல்டேஜாக இருக்கலாம்.

இதெல்லாம் இல்லையென்றால் குற்றவாளி பேட்டரிதான். சின்னப் பெட்டிகளில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-அவர். அவ்வளவுதான் கையிருப்பு! 25 டிகிரியில் மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். மதுரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

திருமங்கலம் போகும் வழியில் உள்ள கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை மாதிரி இடங்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. 2008-ல் ஆரம்பித்த மின்வெட்டு, 2012-ல் மதுரைப் பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் வெட்டு. காலியான பேட்டரி நிறைய ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். பாதி வயிற்றோடே கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, பேட்டரி சீக்கிரம் செத்துப் போகும். யூ.பி.எஸ். மட்டமானது என்று பெட்டியையே மாற்றியவர்கள் உண்டு. புதுப் பெட்டியின் பேட்டரிக்கும் அதே கதிதான். பி.காம். பாஷையில் சொன்னால் பெட்டி சொத்து, பேட்டரி செலவு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது.

2014-க்குப் பிறகு நிலைமை தலைகீழ். கரண்ட் அதிகம் போவதில்லை, அதனால் பேட்டரி செத்ததே தெரிவதில்லை. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிற நாளில், காலை ஒன்பது மணிக்கு, ஒரு சத்தமும் இல்லாமல் கம்ப்யூட்டர் அணையும். பாதி அடித்த பில்கள் போகும், சில சமயம் டேட்டாவும் கெடும்.

வழி சுலபம். மாதம் ஒருமுறை வேலையை சேவ் செய்துவிட்டு, சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் தொடர்பு இருக்கட்டும். ஐந்து நிமிடம் தாங்காவிட்டால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், உடனே மாற்றுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள். ஈயத்துக்காகப் புதியதன் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.