ஸ்டார்ட் ஆகி நின்றுபோகும் வண்டி

3 நவம்பர் 2025, திங்கள்

நைட் ஷிஃப்ட் முடித்த தம்பி ஒருவர், டாடா ஏஸில் கயிறு கட்டித் தன் பெட்ரோல் காரை எங்கள் ஷெட்டுக்கு இழுத்து வந்தார். வல்லம் வடகால் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி வேலை. "ஸ்டார்ட் ஆகுதுண்ணே, உடனே ஆஃப் ஆயிடுது. ஃபியூயல் பம்ப்பை மாத்தணும்னு ஒருத்தர் சொல்லிட்டாரு."

பம்ப் அவருக்குப் பெரிய செலவு. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கழற்ற மனம் வரவில்லை. வண்டி எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சாவி போட்டதும் இம்மொபிலைசர் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. செல்ஃப் அடித்தவுடன் இஞ்சின் பிடித்தது. சில நொடிகளில் குலுங்கி நின்றது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் சாகிறது. இம்மொபிலைசர் பிரச்சினை என்றால் எவ்வளவு மிதித்தாலும் நின்றிருக்கும். ஆக, சாவி மேல் குற்றமில்லை.

4 நவம்பர், செவ்வாய்

ஃபியூயல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டினேன். முள் 3 பார் பக்கம் நின்றது. இஞ்சின் அணையும் நொடியிலும் இறங்கவில்லை. பம்ப் நன்றாகவே இருக்கிறது. அதை மாற்றியிருந்தால் காசும் போய், வண்டியும் இப்படியேதான் நின்றிருக்கும்.

மழைக்காலம் என்பதால் பெட்ரோலையும் சோதித்தேன். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதில் தண்ணீர் அளவு மீறிச் சேர்ந்தால், எத்தனால் அந்தத் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கிவிடும். கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்திருக்கிறேன்.

5 நவம்பர், புதன்

பாட்டிலில் அடுக்கு எதுவும் பிரியவில்லை. மீதி இருப்பது காற்று.

இஞ்சினை மிதித்தபடியே சூடேற்றி, ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவைப் பார்த்தேன். 2500 ஆர்பிஎம்மில் 4 சதவீதம். காலை மெல்ல எடுக்க எடுக்க 25 வரை ஏறியது. ஷெட்டில் என்னோடு வேலை செய்யும் பையனுக்கு விளக்கினேன்: எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஏர் ஃப்ளோ சென்சார் அளக்கும் காற்றுக்குத் தக்கபடிதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். சென்சாரைத் தாண்டி எங்கோ ஓட்டை இருந்தால், அந்தக் காற்று கணக்கில் வராது. ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் திருட்டுக் காற்றின் பங்கு அதிகம். மிதித்தால் முறையான காற்று நிறைய வருகிறது, திருட்டுக் காற்றின் பங்கு குறைகிறது. மிதித்தால் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

இஞ்சினை அணைத்து, இன்டேக்கில் புகை விட்டோம். மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. இஞ்சின் ஆவி போகும் பிசிவி ஹோஸ். மேலே பார்த்தால் புதுசு போல இருந்தது. கழற்றித் திருப்பினால், வளைவின் அடிப்பக்கம் ஆயில் ஊறி மெத்தென்று உப்பிக் கிடந்தது. வளைத்ததும் விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது, நேராக்கினால் மூடிக்கொண்டது.

6 நவம்பர், வியாழன்

அந்த வளைவுள்ள ஹோஸ் ஸ்ரீபெரும்புதூரில் கிடைக்கவில்லை. பையன் சென்னை ஜி.பி. ரோடு போய் வாங்கி வந்தான். மாட்டி, த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும் துடைத்தோம். செல்ஃப் அடித்ததும் பிடித்தது. 750 ஆர்பிஎம்மில் அசையாமல் ஓடியது. ட்ரிம் 3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

பில்லைப் பார்த்த தம்பி, "எங்க லைன்ல அளந்து பார்க்காம ஒரு பார்ட்டையும் ரிஜெக்ட் பண்ண விடமாட்டாங்கண்ணே" என்றார். உண்மைதான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை, 2017-ல் வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு ஆலை. இத்தனை ஆலைகளுக்கு நடுவில் ஷெட் வைத்திருக்கும் நாமும் அளந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சந்தேகத்துக்கு ஒரு பார்ட் மாற்றுவது, மாதச் சம்பளக்காரரின் காசில் நாம் ஆடும் சூதாட்டம்.

ஜாப் கார்டில் 'என்ன மாற்ற வேண்டும்' என்பதற்கு மேலே, 'எப்போது, எப்படி நிற்கிறது' என்று இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். அது நிரம்பாமல் இனி பையன் ஸ்பேனரைத் தொடக்கூடாது.