சயாமுக்குப் போன மலாக்கா தண்டவாளம்

பத்துமலையில் கம்யூட்டர் ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் புலாவ் செபாங். நிலையம் இருப்பது மலாக்கா மாநிலத்தில். ஒட்டியிருக்கும் தம்பின் பட்டணமோ நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. மலாக்கா நகருக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இறங்குகிறவர் பேருந்தையோ டாக்சியையோ தேடியாக வேண்டும்.

ஒரு காலத்தில் அந்தத் தேவை இருக்கவில்லை. 1905-இல் தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை கிளைப்பாதை போட்டு ரயில் விட்டார்கள். அலோர்காஜா, டுரியான் துங்கல் வழியாக வண்டி ஓடியது. டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டு வழிகாட்டிய மாநிலம் இது. அதைத் தொடர்ந்து பெருகிய பால்மரக் காடுகளுக்குத்தான் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். மலாயாவில் தண்டவாளம் போட்டதிலும் அதைப் பராமரித்ததிலும் பெரும்பங்கு அவர்களுடைய உழைப்பே.

பிறகு இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்தார்கள். 415 கிலோமீட்டர் நீள சயாம்–பர்மா பாதைக்கு இரும்பு வேண்டியிருந்தது. மலாக்காவின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆளும் வேண்டியிருந்தது, மலாயாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு போனார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களில் பலரைத் திரும்பவிடவில்லை. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலில் எழுதியது அந்தக் கொடுமையைத்தான்.

போர் முடிந்தபின், அதேபோல் பெயர்க்கப்பட்டிருந்த கிழக்குக்கரைப் பாதையை 1954-க்குள் மறுபடியும் போட்டு முடித்தார்கள். மலாக்கா கிளைக்கு அந்த வாய்ப்பு வரவே இல்லை.

தெற்கே சிங்கப்பூரில் கதை வேறு. 1932-இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் கிளம்பியது. அதை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான். கட்டடத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றினார்கள். பழைய நடைமேடைகளுக்கு அடியிலேயே காண்டோன்மென்ட் என்னும் எம்.ஆர்.டி. நிலையத்தைக் கட்டினார்கள். தண்டவாளம் கிடந்த 24 கிலோமீட்டரும் நடைபாதையாக மாறுகிறது. அந்த வழியில் புக்கிட் தீமா நிலையம் 2022-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒற்றைத் தண்டவாளக் காலத்தில் ஓட்டுநர் அங்கே பெரிய கம்பி வளையத்தில் தொங்கும் டோக்கனை நிலைய ஊழியரிடம் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்வார். கையில் டோக்கன் இல்லாமல் அடுத்த பகுதிக்குள் வண்டியைவிட முடியாது.

தஞ்சோங் பகார் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் சுவரில் பெரிய ஓவியங்கள்: நெல் நடவு, ஈய வேலை, மாட்டுவண்டி, அவற்றோடு பால்வெட்டு. மலாக்காத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த வேலை சிங்கப்பூர் ரயில் நிலையத்துச் சுவரில் பத்திரமாக இருக்கிறது.

மலாக்காவில் காப்பாற்றக் கட்டடம் கிடைக்காவிட்டாலும் தகவல் பலகை வைக்கலாம். 1905-இல் வந்த பாதையையும், அது சயாமுக்குப் போன கதையையும், கூடவே கொண்டுபோகப்பட்ட தோட்டத்து மக்களையும் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கிலும் எழுதி அலோர்காஜாவிலும் டுரியான் துங்கலிலும் நிறுத்தலாம். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தங்கள் மொழியிலேயே வாசிப்பார்கள்.